படுத்தால்தான் காப்பீடா?

வையம்பட்டி பேருந்து நிறுத்தத்தில் மணப்பாறை வண்டிக்காக நின்றிருந்த ஓர் அம்மா, என் சட்டைப்பையில் பேனாவைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சுக் கொடுத்திருக்க வேண்டும். மஞ்சப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. அழுக்குப் படாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் நான்காக மடித்த ஓ.பி. சீட்டு.

"இதுல அஞ்சு லட்சம் இருக்குன்னாங்க தம்பி. மாசாமாசம் பஸ்சுக்கு மட்டும் இதுலேருந்து எடுத்துக்க முடியுமா?"

இரண்டடி தள்ளி வேப்பமர நிழலில் அவருடைய மகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முப்பதைத் தாண்டிய வயது. செருப்பில்லாத காலால் மண்ணில் ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். அட்டையைப் பற்றி விசாரித்த இடத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் இது செல்லுமாம். இவன் ராத்திரி வீட்டுலயே படுக்க மாட்டேங்கிறான். அங்க எங்க போய்ப் படுக்க?"

அவர் கேட்டது வேடிக்கைக்காக இல்லை. தூக்கம் கெடுவதுதான் அந்த வீட்டுக்கு நோய் திரும்புவதற்கான முதல் அறிகுறி. மாத்திரை நான்கு நாள் விட்டுப்போனால் ராத்திரி நடை தொடங்கும். பத்து நாள் விட்டுப்போனால் மகன் நெடுஞ்சாலைக்கே போய்விடுவார். ஆக, மாத்திரை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் மொத்த வைத்தியம். கையில் இருக்கும் அட்டையோ நெடுஞ்சாலைக்குப் போனபிறகு உதவுகிற அட்டை.

அந்த அட்டையைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இன்றைய பெயருக்கு மாறி, 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது. வருமான உச்சவரம்பு 72,000 ரூபாயாக இருந்தது, பிறகு 1,20,000 ஆனது. இதய அறுவைக்கும் டயாலிசிஸுக்கும் இந்த அட்டை எத்தனை வீடுகளை அடகுக் கடையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்பது கிராமத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். மனநோயும் இதற்குள் இருக்கிறது என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. மனச்சிதைவு, மனவெழுச்சிக் கோளாறுகள், போதைப் பழக்கத்தால் வரும் மனக்கோளாறுகள், மின்னதிர்வு சிகிச்சை எல்லாம் ஆயுஷ்மான் பாரத்தின் சிகிச்சைப் பட்டியலில் உள்ளவை. முன்பே இருந்த நோய் என்று தள்ளிவைப்பதும் இதில் கிடையாது. தனியார் பாலிசிகளில் 'மனநோய் நீங்கலாக' என்று ஒரு வரி பல காலம் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தால், இது சின்ன விஷயமல்ல.

அந்த வரியை எடுக்கவே ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்றது. சட்டம் 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்தது; ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அப்புறமும் இழுபறிதான். 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணின் மனநோய்ச் சிகிச்சைக் கோரிக்கையை நிராகரித்தது தவறு என்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. 2022 அக்டோபரில், மாத இறுதிக்குள் எல்லா பாலிசியும் சட்டத்துக்கு இணங்க வேண்டும் என்று ஆணையம் மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. நாலு வருஷம் ஒரே கடிதம் இரண்டு முறை.

'அதே அடிப்படையில்' என்ற அந்தச் சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது என்பது என் எண்ணம். நம் நாட்டில் உடல் நோய்க்கான காப்பீடு எந்த அடிப்படையில் இருக்கிறது? படுக்கை என்ற அடிப்படையில். குடல்வால் வெட்டிவிட்டு நாலாம் நாள் வீடு திரும்புகிறவருக்கு அது பொருந்தும். ஆயுஷ்மான் பாரத்தில் வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்து வரை திட்டம் ஏற்கும். தையல் ஆற அது போதும். மனச்சிதைவு உள்ளவருக்குப் பதினாறாம் நாள் காலை என்ன செய்வது? லித்தியம் சாப்பிடுகிறவருக்கு அவ்வப்போது இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். குளோசபின் என்றால் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்காமல் மருந்தே கொடுக்கக் கூடாது. மாத்திரை முழுங்க மறுப்பவருக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு முறை போடுகிற ஊசி இருக்கிறது. இவற்றில் எதற்கும் படுக்கை வேண்டாம். பெஞ்சு போதும். பெஞ்சில் உட்காருகிறவருக்கு நம் காப்பீட்டில் இடமில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தானே, காப்பீடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டத்தின் 18ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது: வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கும் வீடற்றவருக்கும், வறுமைக்கோட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்க வேண்டும். ஆனால் மாத்திரைக்கு மட்டுமா செலவு? வையம்பட்டியிலிருந்து திருச்சி ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். தனியாக அனுப்ப முடியாது, கூட ஒருவர் போக வேண்டும். இரண்டு பேருக்குப் போக வர டிக்கெட். பெண்களுக்கு இலவசப் பயணம் நகரப் பேருந்தில்தான், திருச்சி வண்டியில் இல்லை. இப்போது வெளியூர் வண்டிகள் பஞ்சப்பூர் பேருந்து முனையத்தில் இறக்கிவிடுவதால் அங்கிருந்து புத்தூர் அரசு மருத்துவமனைக்கு இன்னொரு பஸ். போய்த் திரும்பும் நாளில் கூலியும் கிடையாது. 100 நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். அன்றைக்கு அது போச்சு. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கில், மனநோயாளி உள்ள குடும்பம் சிகிச்சைக்கும் பயணத்துக்குமாக மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழித்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய விலைவாசியில் வந்த கணக்கு அது.

இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர் கிராமத்துக்கு அருகே போக வேண்டும் என்பதை நாட்டிலேயே முதலில் செய்து பார்த்த மாவட்டங்களில் ஒன்று திருச்சி. 1982இல் தேசிய மனநலத் திட்டம் காகிதத்தில் வந்தது. அதன் பிறகு கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் ஒரு முயற்சி செய்தது: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சில அடிப்படை மருந்துகளை அங்கேயே வைத்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தியம் பார்ப்பது. அது பலித்ததால் 1996-97இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாநிலங்களில் மாநிலத்துக்கு ஒரு மாவட்டமாகத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்குத் தேர்வான மாவட்டம் திருச்சி. மதுரையும் ராமநாதபுரமும் அதற்குப் பின்னால்தான். குறித்த கிழமையில் தாலுகா மருத்துவமனைக்கு மனநலக் குழு வருவது, நோயாளி பெயரில் பதிவேடு, மாத மருந்து என்று இன்று எல்லா மாவட்டத்திலும் பேசப்படும் முறைக்குத் தமிழ்நாட்டில் பிள்ளையார் சுழி போட்டது இங்கேதான். மணப்பாறை முறுக்கு தெரிந்த அளவுக்கு இது திருச்சிக்காரர்களுக்கே தெரியாது.

கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்த முறை ஏன் ஊர் மட்டத்தில் கெட்டிப்படவில்லை? மருத்துவர் பற்றாக்குறை, நிதி, பணியிட மாறுதல் என்று வழக்கமான காரணங்கள் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு என்பது என் சந்தேகம். அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவை. எலும்பு முறிவுக்கோ இதயத்துக்கோ அறுவை செய்தால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்கு வரும். அதில் ஒரு பங்கு பணியாளர்களுக்கு ஊக்கத்தொகையாகவும் மீதி கருவிக்கும் கட்டடத்துக்கும் போகும். மனநலப் பிரிவு வாசலில் காலையிலிருந்து வரிசையாக நின்று மாத்திரை வாங்கிப் போகிறவர்களால் ஒரு ரூபாய் வராது. வருமானம் தராத பிரிவுக்கு எந்த நிர்வாகமும் கடைசி அறையைத்தான் ஒதுக்கும். யார் மனசும் கெட்டதல்ல, கணக்குப் புத்தகம் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

அந்த அம்மாவிடம் மகன் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். திண்டுக்கல் பக்கம் ஒரு மில்லில், மூன்று வருஷம், நைட் ஷிஃப்ட். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தார்களா? "ஏதோ பிடிச்சாங்க தம்பி, சீட்டுல போட்டிருக்கும்." மெஷின் தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று அவர் சொல்லத் தொடங்கிய மாதம், சூப்பர்வைசர் ஊருக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு வரச் சொன்னாராம். திரும்பிப் போனபோது பெயர் இல்லை. அப்புறம் ஒரு தனியார் 'நரம்பு டாக்டர்', பிறகு ஆடுகளை விற்றது, பிறகு தாயத்து.

நம் நாட்டில் மனநோயை முழுமையாகப் புரிந்துகொண்ட ஒரு பொதுக் காப்பீடு உண்டென்றால், அது அந்தச் சீட்டில் இருந்த மூன்றெழுத்துதான். 1948 சட்டப்படி வந்த தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. அதைவிடப் பெரிது, வேலைக்குப் போக முடியாத நாளுக்குப் பணம் உண்டு. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களைத் தனியே பட்டியலிட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரைகூட நீளலாம். காசநோய், தொழுநோய், புற்றுநோய் இருக்கும் அந்தப் பட்டியலில் மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களும் இருக்கின்றன. இரண்டாண்டு தொடர்ந்து வேலையில் இருந்து சந்தாவும் கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று வருஷம் மில்லில் நின்றவர் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கலாம். அப்படி ஒரு கதவு இருப்பதையே யாரும் சொல்லவில்லை. மனநோய் வந்தவர் விஷயத்தில் இதுதான் கொடுமை. கை ஒடிந்தவர் தன் உரிமையைக் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். இந்த நோய் வரும்போது கேட்கிற திராணியைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகிறது.

இன்னொரு முரண்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற காப்பீடு ஒரு லட்ச ரூபாய் வரைக்கும் உண்டு. மிகக் குறைந்த சந்தா. மருத்துவமனையில் சேராமலே ஓ.பி. செலவு, மருந்து, பயிற்சிச் சிகிச்சை வரை ஏற்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும்தான் அது. மனநோய்க்கு இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. சான்றிதழில் மாற்றுத்திறனாளி, இந்தக் காப்பீட்டு வாசலில் மட்டும் வேறு ஆள். ஓ.பி. செலவுக்குக் காப்பீடு சாத்தியமே இல்லை என்று சொல்கிற அதிகாரிகளுக்கு நிராமயாவைக் காட்ட வேண்டும்.

செலவை எந்தக் காப்பீடும் ஏற்காத இடத்தில் மக்கள் எங்கே போகிறார்கள்? முசிறி சாலையில், காவிரியின் வடகரையில் குணசீலம். பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். மனம் பேதலித்தவரைக் கூட்டிவந்து ஒரு மண்டலம், 48 நாள், குடும்பத்தோடு தங்குவது தலைமுறைகளாக நடக்கிற வழக்கம். உச்சிக்காலத்திலும் இரவிலும் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். நான் ஒரு மத்தியானம் அங்கே நின்றேன். தீர்த்தம் விழுந்ததும் ஒரு பெண் சிரித்தாள்; அவளுடைய புருஷன் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, நெற்றியில் கலைந்த பொட்டைச் சரிசெய்தார். அது குணமாக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் அந்த இடத்தில் ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்திருக்கிறது: நோயாளி தனி ஆள் அல்ல, கூட இருப்பவரும் சேர்ந்ததுதான் நோய். கோயிலை ஒட்டி அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. தீர்த்தத்தோடு மாத்திரையும் போகட்டும் என்ற ஏற்பாடு. ஏர்வாடி தர்காவிலும் 'மருந்தும் வேண்டுதலும்' சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற இதே யோசனையோடு ஒரு திட்டம் வந்தது.

ஏர்வாடி என்றதும் 2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் வராமல் போகாது. தனியார் காப்பகம் ஒன்றில் விடிகாலையில் தீப்பிடித்தது; சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். குடும்பங்கள் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது கொடூர மனத்தால் அல்ல. வீட்டில் வைத்துப் பார்க்க ஊருக்குள் எந்த ஏற்பாடும் இல்லாததால். படுக்கைக்கு மட்டும் பணம் தருகிற காப்பீட்டைப் பற்றி எனக்கு இருக்கும் பயமும் இங்கிருந்து வருவதுதான். படுக்கைக்குப் பணம் என்றால் படுக்கை நிரம்பும். மனநோய்ச் சிகிச்சைகளை அரசு மருத்துவமனைகளுக்கே ஒதுக்கிவைத்து ஆயுஷ்மான் பாரத் தொடங்கியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஒதுக்கீடு செய்தால் மட்டும் போதாது. 2017 சட்டத்தின் 19ஆவது பிரிவு, குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காகவோ ஊரில் வசதி இல்லை என்பதற்காகவோ ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ்வது அவர் உரிமை என்கிறது. சட்டம் வீட்டுக்கு அனுப்பு என்கிறது, காப்பீடு வார்டுக்கு வா என்கிறது. எதைக் கேட்பது?

செய்ய வேண்டியது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கடும் மனநோய் என்று மாவட்ட மனநலக் குழு பதிவு செய்தவருக்கு, ஓராண்டுச் சிகிச்சையை ஒரே தொகுப்பாகக் காப்பீட்டில் சேர்க்கலாம்: மாத மருந்து, இரத்தப் பரிசோதனை, ஊசி, கூட வருபவருக்குப் பயணப்படி. பணம் தாலுகா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே போகட்டும். ஆள் ஒவ்வொரு மாதமும் மருந்தோடு தொடர்கிறாரா என்பதைப் பார்த்துத் தரட்டும். படுத்தால்தான் பணம் என்பது போய், படுக்காமல் வைத்திருந்ததற்குப் பணம் என்று ஆகும். 2022இல் ஒப்பந்தம் புதுப்பித்தபோது தமிழ்நாடு அரசு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம் கட்ட ஒப்புக்கொண்டது. மாதத்துக்கு எழுபது ரூபாய் சொச்சம். கடும் மனநோய் எல்லாக் குடும்பத்திலும் இல்லை; இருக்கிற குடும்பங்களுக்காக அந்த எழுபதில் எவ்வளவு கூட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கர்கள் ஒரு வாரம் உட்கார்ந்தால் சொல்லிவிடுவார்கள். தாய்லாந்து 2002இல் எல்லோருக்குமான திட்டம் கொண்டுவந்தபோது ஓ.பி.யையும் உள்ளே வைத்துத்தான் தொடங்கியது. இலங்கையில் காப்பீட்டு அட்டையே கிடையாது. வரிப்பணத்தில் அரசு வைத்தியசாலை நடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே மாவட்டந்தோறும் மனநலப் பணியை ஊர்ப்பக்கம் நகர்த்தினார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டைக்குப் போனால் போதும். சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010இல் அங்கே ஒரு பேருந்தை விட்டது. உள்ளே ஒரு சிறிய அறை, திரையில் சென்னை மருத்துவர், ஓரத்தில் மருந்தகம். ஊருக்கு ஊர் நின்று, பார்த்து, அங்கேயே மாத்திரை கொடுத்தது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்த ஊழியரின் தோள்பையில் ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மாத்திரைக்கும் உறுதியான ஓர் இடம் வேண்டும். சர்க்கரை மாத்திரை தரும்போது "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிற அதே குரலில் இதையும் கேட்டால், தெருவில் பாதிக் கூச்சம் போய்விடும். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு ராத்திரியில் போன் செய்து பேசலாம் என்பது நல்லதுதான். ஆனால் போனில் மாத்திரை வராது.

வண்டி வந்துவிட்டது. அந்த அம்மா அட்டையை உறைக்குள் தள்ளி, ஓ.பி. சீட்டை மட்டும் எடுத்து என்னிடம் காட்டினார். அடுத்து வர வேண்டிய தேதி எழுதியிருந்தது. "இது சந்தை நாளு தம்பி. பஸ்சுல நிக்க இடமிருக்காது. கூட்டத்தப் பாத்தா இவன் பாதியில எறங்கிடுவான். ஒரு நாள் முன்னப்பின்ன போனா மாத்திரை தருவாங்கல்ல?" மகன் எழுந்து, போட்டிருந்த கோட்டைக் காலால் அழித்துவிட்டு, முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.